அறுபது மாத்திரைக் கணக்கு

முதல் நாள்

அரசு மருத்துவமனைகளில் பார்மசிஸ்டாக முப்பத்து நான்கு வருடம் இரண்டு மாதம் வேலை பார்த்தேன். அத்தனை காலத்திலும் என் ஸ்டாக் ரிஜிஸ்டரில் அடித்தல் திருத்தல் பதினோரு இடங்களில்தான் இருக்கும். அவற்றில் ஏழு, நான் லீவில் இருந்தபோது மற்றவர்கள் செய்தவை.

ஓய்வு பெற்றபின் வீட்டில் எண்ணுவதற்கு அதிகம் கிடைக்கவில்லை. மாடிப்படிகள் பதினெட்டு. மருமகள் ஒரு நாளில் போன் பேசும் நேரம் சராசரியாக ஐம்பத்து மூன்று நிமிடம். இதை ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் சொன்னேன். அடுத்த வாரமே என் மகன் எனக்கு ஒரு வேலை கண்டுபிடித்துக் கொடுத்துவிட்டான்.

அது ஓர் ஆராய்ச்சித் திட்டம். பெயர் வேண்டாம். மனச்சிதைவு நோய் குடும்ப வழியாக எப்படி வருகிறது, ஒரே மாத்திரை ஒருவருக்குக் கேட்டு இன்னொருவருக்கு ஏன் கேட்பதில்லை என்ற இரண்டு கேள்விகளுக்கும் ஜீனில் விடை தேடுகிறார்கள். தர்மபுரியில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேல் அலுவலகம். படி பத்தொன்பது, அதில் ஏழாவது படி உடைந்திருந்தது. மாதம் ஒரு முறை அங்கேயே முகாம் நடக்கும். நோயாளிக்கு மாத்திரை, எங்களுக்கு ரத்தம். ரத்தம் கொடுத்தவருக்கு ஒரு ஜூஸ், நான்கு பிஸ்கட்.

முகாமுக்கு வரும் டாக்டரம்மா முதல் நாள் எனக்குப் பாடம் எடுத்தார்.

"ஜீன்னா தலையெழுத்து இல்லீங்க சார். ஒரு வூட்டுல ஒருத்தருக்கு இருந்தா இன்னொருத்தருக்கு வர்ற வாய்ப்பு கூடும், அவ்வளவுதான். அதுவும் ஒரே ஒரு ஜீன் இல்ல. ஏகப்பட்டது, ஒவ்வொண்ணும் துளித்துளியா."

"ஏகப்பட்டதுன்னா எத்தனைங்க மேடம்?"

"இன்னும் எண்ணி முடிக்கலீங்க சார்."

எண்ணி முடிக்காத ஓர் இலாகாவில் வேலைக்குச் சேர்ந்தது எனக்கு உறுத்தலாகவே இருந்தது. ஆனால் பெருநகரத்திலிருந்து வீடியோவில் பேசிய கோஆர்டினேட்டர் என் உறுத்தலைப் போக்கினார். வயது முப்பது இருக்கும்.

"சார், பேஷண்ட் மாத்திரை போட்டாரா இல்லையாங்கறதுதான் எங்களுக்கு எப்பவும் டவுட்டு. வூட்டுக்கே போய்க் காலி அட்டையை வாங்கி எண்ணணும். முப்பத்து நாலு வருஷ பார்மசிஸ்ட் நீங்க எண்ணினா இனி டவுட்டே இல்ல சார்."

இதைவிட நல்ல வரவேற்பு எனக்கு எந்த ஆபீசிலும் கிடைத்ததில்லை.

'இல்லை' என்ற கட்டம்

வீடு வீடாகப் போய் வம்ச வரைபடம் போட வேண்டும். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், நோய் இருந்தால் உள்ளே கறுப்பு. நோயாளியின் கறுப்பு முன்பே அச்சாகி வரும், உறவினருடையதை மட்டும் நான் நிரப்ப வேண்டும். என் பையில் கறுப்புப் பேனா மூன்று இருந்தன. முதல் மூன்று மாதத்தில் ஒன்றின் மூடியைக்கூட முழுதாகத் திறக்க வாய்ப்பு வரவில்லை. போன வீடு நாற்பத்திரண்டு. நாற்பத்திரண்டிலும் நோயாளி ஒருவர் எதிரே உட்கார்ந்திருக்க, அப்பா வழியில் கேட்டால் அம்மா வழி என்றார்கள், அம்மா வழியில் கேட்டால் அப்பா வழி என்றார்கள். கல்யாண வயதில் பெண்ணோ பையனோ இருக்கிற வீட்டில் நான் செருப்பைக் கழற்றும் முன்பே 'இல்லை' என்ற பதில் வந்துவிடும்.

இண்டூருக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். நோயாளி பெயர் மஞ்சுளா, வயது இருபத்தேழு. காதில் ஆள் இல்லாத குரல்கள் கேட்கும். கணவர் கோவிந்தன், ஊர் பால் சொசைட்டியில் பால் அளக்கிறவர், அதிகம் பேசமாட்டார். அவருக்கும் சேர்த்துப் பேசுகிறவர் அண்ணன் பெருமாள். தக்காளித் தோட்டம், நான்கு மாடு, குடும்பத்தின் முடிவுகள் எல்லாம் அவர் கையில்.

"எங்க பக்கம் சுத்தங்க சார்" என்றார் பெருமாள். "ஏழு தலைமுறைக்குக் கேளுங்க. இது அவங்கப்பன் வழி. காரிமங்கலம் போய் விசாரிங்க."

காரிமங்கலம் போனேன். சந்தை நாள். பஸ்ஸில் இரண்டு மணி பத்து நிமிடம், அதில் நின்றது ஒன்றரை மணி. மஞ்சுளாவின் அப்பா என்னை நிற்க வைத்தே பதில் சொன்னார்.

"எங்க வழியா? நல்லாக் கேட்டீங்க போங்க. அவ அம்மா வழிங்க அது. அவ அம்மா செத்துட்டா, இல்லேன்னா அவளையே கேட்டிருக்கலாம். எப்படியோ, பொண்ணைக் கட்டிக் குடுத்தாச்சு. இனி அது அவங்க பாடு."

மஞ்சுளாவின் அம்மா யார் என்றால், பெருமாளுக்குத் தங்கை, கோவிந்தனுக்கு அக்கா. அதாவது கோவிந்தன் கட்டியிருப்பது அக்கா மகளை. எங்கள் பக்கம் இது சாதாரணம். கோவிந்தனை மஞ்சுளாவுக்குத் தாய்மாமனாக ஓர் இடத்திலும் கணவனாக இன்னோர் இடத்திலும் வரைந்து, கோடு இழுத்து அனுப்பினேன். மறுநாள் கோஆர்டினேட்டர் கூப்பிட்டார்.

"சார், ஒரே ஆள் ரெண்டு எடத்துல இருக்காரு. கம்ப்யூட்டர் ஏத்துக்கல."

"ஒரே ஆள்தாங்க தம்பி. மாமனும் அவரே, புருஷனும் அவரே."

"அது புரியுது சார். கம்ப்யூட்டருக்குப் புரியலையே. ஒண்ணை டெலீட் பண்ணிடுங்க."

"எதைங்க?"

கொஞ்ச நேரம் கீபோர்டு சத்தம். "கல்யாணம் ஆச்சாங்கற கட்டம் கட்டாயம் சார். அதனால புருஷன் இருக்கட்டும். மாமாவைத் தூக்கிடுங்க."

பதினொன்று இருபதுக்குத் தாய்மாமன் கோவிந்தனைத் தூக்கினேன். கணவர் கோவிந்தன் மிஞ்சினார். எங்கள் கையேட்டின் விதிப்படி கணவர் ரத்த உறவு இல்லை. அவரிடம் நோய் பற்றிக் கேள்வி கேட்க வேண்டியதில்லை, ரத்தமும் எடுக்க வேண்டியதில்லை. எனக்கு ஒரு படிவம் மிச்சம். அன்று அது நிம்மதியாகவே இருந்தது.

நூறு சதவீதம்

மஞ்சுளாவுக்குக் காலையில் ஒரு மாத்திரை, இரவில் ஒரு மாத்திரை. முப்பது நாளுக்கு அறுபது. பத்து மாத்திரை கொண்ட அட்டை ஆறு. மாதக் கடைசியில் நான் போனால், ஒரு மஞ்சள் பையில் ஆறு காலி அட்டையும் தயாராக இருக்கும். ஓட்டைகளை விரல் வைத்து எண்ணுவேன். அறுபது. அடுத்த மாதம் அறுபது. அதற்கடுத்த மாதமும் அறுபது. மற்ற வீடுகளில் ஐம்பத்தொன்று, நாற்பத்து நான்கு, சில வீட்டில் அட்டையே எலி கொண்டுபோயிருக்கும். இப்படி ஒரு நோயாளி என் சர்வீஸில் கிடைத்ததில்லை.

"தவறாமப் போடறியாம்மா?" என்று கேட்டேன்.

"ஒரு மாத்திரைகூட வீணாப் போனதில்லீங்க சார்" என்றாள்.

நல்ல பதில் என்று நினைத்து அதை அப்படியே எழுதிக்கொண்டேன். கோவிந்தன் கட்டிலில் உட்கார்ந்து ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். காபி வரும்வரை எனக்கு வேலை இல்லை. அந்த நேரத்தில் எண்ணக் கிடைத்ததை எண்ணி என் பாக்கெட் நோட்டில் குறித்துக்கொண்டேன். அது என் பழக்கம், யாருக்கும் தொந்தரவில்லை.

அறுபது சரியாக இருந்தும் குரல்கள் அவளை விடவில்லை. அடுப்பு முன் நின்றபடி யாருக்கோ பதில் சொல்வாள். பெருமாளின் மனைவி பிள்ளைகளை அந்த வீட்டுப் பக்கம் விடுவதில்லை. டாக்டரம்மா மருந்தின் அளவைக் கூட்டுவதற்கு முன் ரத்தத்தில் எவ்வளவு மருந்து நிற்கிறது என்று பார்க்கச் சொன்னார். எதிர்பார்த்ததில் பாதிதான் இருந்தது.

கோஆர்டினேட்டருக்குப் பண்டிகை. "சார், சிலருக்குக் கல்லீரல்ல ஒரு ஜீன் இருக்கும். மருந்தை வேகமாக் கரைச்சுத் தள்ளிடும். மாத்திரை நூறு பர்சென்ட், ரத்தத்துல அம்பது பர்சென்ட். இது அதேதான்! நம்ம சைட்ல முதல் கேஸ் சார் இது!"

"ஜீன் ரிப்போர்ட் வரட்டுங்களே தம்பி."

"வரும் சார், அது ஃபார்மாலிட்டி."

வருவதற்குள் குடும்பத்துக்கு முடிவுச் சீட்டு அச்சாகி வந்துவிட்டது. 'மாத்திரை உட்கொள்ளல்: நூறு சதவீதம். நோயாளி வகை: சிகிச்சைக்கு அடங்காதவர். காரணம்: மரபு வழி.' கீழே சரிபார்த்தவர் என்ற இடத்தில் என் கையெழுத்து. அழகாகவே போட்டிருந்தேன்.

பெருமாள் அதைத் தர்மபுரிக்கு எடுத்துப்போய் லேமினேஷன் செய்துவிட்டார்.

லேமினேஷனின் பயன்

பிறகுதான் எனக்கு விஷயம் தெரிந்தது. முகாமுக்கு மஞ்சுளாவை அழைத்து வந்த பெருமாள், என்னைப் படிக்கட்டின் உடைந்த ஏழாவது படியருகே நிறுத்தி நன்றி சொன்னார்.

"நல்லதாப் போச்சுங்க சார். இத்தனை நாளா நாங்க சொன்னா ஊர் நம்பல. மருந்து குடுத்தாச் சரியாப் போயிரும்னாங்க. இப்ப கவர்மெண்டே எழுதிக் குடுத்துருச்சு."

"இது கவர்மெண்ட் இல்லீங்க."

"சீல் இருக்குதில்லீங்க? வர்ற வெள்ளிக்கிழமை பேசி முடிச்சு அவளை அவங்கப்பன் வூட்டுக்கே அனுப்பிச்சரலாம்னு இருக்கோம். கோவிந்தனுக்குப் பென்னாகரம் பக்கம் ஒரு பொண்ணு பாத்திருக்கு. அந்தப் பொண்ணு வூட்லயும் இந்தச் சீட்டைக் காட்டிட்டோம். எங்க பக்கம் ஒண்ணும் இல்ல, அவ வழின்னு தெரியணுமில்ல?"

அப்பன் வீட்டில் அவளுக்கு என்ன பதில் கிடைக்கும் என்று எனக்குத் தெரியும். காரிமங்கலத்தில் நின்றுகொண்டே கேட்டவன் நான்.

மஞ்சுளா மேலே பெஞ்சில் மஞ்சள் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "எண்ணுங்க சார்" என்று அட்டைகளை நீட்டினாள். எண்ணினேன். அறுபது.

அதே நாள் மத்தியானம் ஜீன் ரிப்போர்ட் வந்தது. கல்லீரல் சாதாரணம். எல்லோருக்கும் இருப்பது போன்ற கல்லீரல். கோஆர்டினேட்டரின் குரலில் துக்க வீட்டுச் சாயல் இருந்தது.

"சாம்பிள் மாறியிருக்குமா சார்?"

"ட்யூப்ல லேபிள் ஒட்டினது நானுங்க தம்பி."

டாக்டரம்மா மட்டும் அவசரப்படவில்லை. மூன்று தாளையும் மேசைமேல் வரிசையாக வைத்தார். "கல்லீரல் சாதாரணம். மாத்திரை முழுசு. ரத்தத்துல பாதி. இதுல ஏதோ ஒண்ணு பொய் சொல்லுது சார்."

"என் கணக்கு பொய் சொல்லாதுங்க மேடம்."

"நான் சொல்லலீங்க. நீங்களே பாருங்க."

கோபத்தில் அங்கேயே உட்கார்ந்து என் பாக்கெட் நோட்டைப் புரட்டினேன். முதல் தடவை போனது: அட்டை 6, ஓட்டை 60, பிஸ்கட் 4, மாடு 4, கோ. வலது கால் 72. இரண்டாம் தடவை: ஓட்டை 60, கோ. கால் 68. மூன்றாம் தடவை: ஓட்டை 60, கோ. கால் 75.

கோ. என்றால் கோவிந்தன். காபி வரும்வரை, உட்கார்ந்த இடத்தில் அவருடைய வலது கால் ஒரு நிமிடத்துக்கு எத்தனை தரம் ஆடியது என்று எண்ணி எழுதியிருக்கிறேன். படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லாததால் அதோடு விட்டுவிட்டேன்.

முப்பத்து நான்கு வருடம் ஜன்னல் வழியாக இந்த மாத்திரைகளைக் கொடுத்தவன் நான். இவற்றைப் போடுகிற சிலருக்குக் கால் ஓரிடத்தில் நிற்காது. கியூவில் நின்றபடி நடப்பார்கள். தூரத்தில் வரும்போதே எந்த மாத்திரை என்று சொல்லிவிடுவேன். மாத்திரையே போடாத ஒருவருக்கு ஏன் அப்படி ஆட வேண்டும்? எழுபத்திரண்டு என்று எழுதும்போது இந்தக் கேள்வி எனக்கு வரவில்லை. கணவர், ரத்த உறவு அல்ல, கேள்வி வேண்டாம்.

காலை மாத்திரை

வியாழக்கிழமை காலை முதல் பஸ்ஸில் போனேன். பெருமாள் மண்டிக்குப் போயிருந்தார், கோவிந்தன் சொசைட்டியில். மஞ்சுளா கொட்டகையில் தக்காளி பிரித்துக்கொண்டிருந்தாள். நல்லது ஒரு கூடை, அடிபட்டது ஒரு கூடை.

"ராத்திரி மாத்திரை உனக்கு. சரி. காலை மாத்திரை யாருக்கும்மா?"

அவள் கையில் இருந்த தக்காளியை எந்தக் கூடையில் போடுவது என்று தெரியாதவள்போல வைத்துக்கொண்டிருந்தாள்.

"அவருக்குங்க" என்றாள். "அவரு கேக்கலீங்க. நாந்தான் குடுத்தேன்."

"எப்ப இருந்து?"

"கல்யாணம் ஆயி ரெண்டாவது வருசம். மாட்டுக்குத் தண்ணி வெக்கறப்போ யார்கிட்டயோ பேசிக்கிட்டிருந்தாரு. யாருங்கன்னேன். ஒண்ணுமில்லன்னாரு. எனக்குத் தெரியாதுங்களா? எனக்குக் கேக்கற மாதிரியேதான் அவருக்கும் கேக்குது."

"முகாமுக்குக் கூட்டியாந்திருக்கலாமில்ல?"

"எப்படீங்க? பால் அளக்கறவரு. கிறுக்கன் போட்ட அளவுன்னு ஒருத்தரும் பால் ஊத்த மாட்டாங்க. எனக்கு இருக்கறது ஏற்கெனவே ஊருக்குத் தெரிஞ்சு போச்சு. ஒரு வூட்டுக்கு ஒரு ஆளு பேர் கெட்டாப் போதாதுங்களா சார்?"

அடிபட்ட தக்காளிக் கூடையில் முப்பத்தாறு இருந்தன.

"நாளைக்கு உன்னை அனுப்பப் போறாங்கன்னு தெரியுமா?"

"தெரியுங்க. போறதப் பத்தி ஒண்ணுமில்லீங்க. போனா அவருக்குக் காலை மாத்திரைக்கு என்ன பண்ணுவாரு?" பிறகு சட்டென்று, "சொல்லிராதீங்க சார். உங்க கால்ல வுழறேன்" என்றாள்.

டாக்டரம்மாவிடம் மட்டும் சொல்லலாமா என்று கேட்டேன். யோசித்து, சரி என்று தலையசைத்தாள். ஊரில் யாரிடமும் சொல்வதில்லை என்று வாக்குக் கொடுத்தேன்.

வெள்ளிக்கிழமை

பெருமாள் வீட்டு முன் எட்டு பிளாஸ்டிக் நாற்காலி, ஐந்து ஆள். காரிமங்கலத்திலிருந்து மஞ்சுளாவின் அப்பா வந்து ஓர் ஓரமாக உட்கார்ந்திருந்தார். பெண்ணை ஏற்க வந்தவர் முகமாக அது இல்லை. மஞ்சுளா நிலைப்படியில். கோவிந்தன் கடைசி நாற்காலியில், கால் ஆடிக்கொண்டிருந்தது. என்னை யாரும் அழைக்கவில்லை. ஆனால் பெருமாளுக்கு மகிழ்ச்சி.

"வாங்க சார், கரெக்டா வந்தீங்க. எழுதினவரே வந்துட்டாரு, அவரையே கேளுங்க" என்று லேமினேஷன் சீட்டை மடியில் வைத்துத் தட்டினார்.

நான் உட்காரவில்லை. "அந்தச் சீட்டு தப்புங்க" என்றேன். என் சர்வீஸில் அந்த வாக்கியத்தை அதற்கு முன் சொன்னதில்லை. "இந்தப் பொண்ணுக்கு நூறு சதவீதம் போகல. பாதி மருந்துதான் போயிருக்கு. முழு மருந்து குடுத்தா என்ன ஆகும்னு யாரும் இன்னும் பாக்கவே இல்ல. மருந்து கேக்கலன்னு எழுதினது என் தப்பு."

"அதெப்படீங்க? நீங்கதான அட்டையை எண்ணுனீங்க?"

"எண்ணினேன். ஓட்டையைத்தான் எண்ணினேன்."

"அப்ப மீதிப் பாதி எங்கீங்க போச்சு? மாடு தின்னுச்சா?"

யாரோ சிரித்தார்கள். நான் வாக்குக் கொடுத்திருந்தேன். மஞ்சுளா, "நாந்தான் மாமா தூக்கிப் போட்டுட்டேன்" என்றாள். தினமும் ஒன்று வீதம் தூக்கி எறிந்ததாக, தன் தலையில் இன்னொன்றையும் போட்டுக்கொள்ளத் தயாராக இருந்தாள்.

"பாத்தீங்களா? குடுக்கற மருந்தையும் தூக்கிப் போடறவளை வெச்சிக்கிட்டு..." என்று பெருமாள் ஆரம்பித்தார்.

கோவிந்தனின் கால் நின்றது. அது நின்று நான் பார்த்ததில்லை.

"அவ தூக்கிப் போடலண்ணா. நாந்தான் திங்கறேன். எனக்குத்தான் குடுக்கறா."

"உனக்கு எதுக்குடா அது?"

"அவளுக்கு எதுக்கோ, அதுக்குத்தான்."

மஞ்சுளாவின் அப்பா முதல் முறையாக நாற்காலியை முன்னுக்கு இழுத்துப் போட்டார். "அப்ப இது எந்த வழீங்க மச்சான்?" என்றார் பெருமாளைப் பார்த்து. கல்யாணமான நாளிலிருந்து காத்திருந்த கேள்விபோல இருந்தது.

பெருமாள் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

"எந்த வழியா வந்தா என்னங்கப்பா" என்றாள் மஞ்சுளா. "வந்திருக்கறது எங்க வூட்டுக்கு. நாங்க பாத்துக்கறோம்."

பேச்சு அத்துடன் கலைந்தது. பென்னாகரத்துப் பெண் வீட்டார் தாங்களாகவே பின்வாங்கினார்கள். லேமினேஷன் செய்ததைக் கிழிக்க முடியவில்லை என்று பெருமாள் பிறகு குறைப்பட்டார்.

அன்று பஸ் ஸ்டாப்பில் நாற்பது நிமிடம் நின்றேன். பெருமாள் வண்டியில் வந்து பக்கத்தில் நிறுத்தினார். இறங்கவில்லை, என்ஜினை அணைக்கவும் இல்லை.

"சார், எங்க சித்தப்பா ஒருத்தரு. ஏழு வருசம் ஒரு ஆளோடயும் பேசாம தோட்டத்துல தனியாக் கெடந்து செத்தாரு. அதையெல்லாம் எழுதணுமுங்களா?"

"எழுதினா நல்லதுங்க. யார் பேரும் வெளிய போகாது."

"அப்ப எழுதிக்குங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். கறுப்புப் பேனாவை மூடி கழற்றி, பஸ் ஸ்டாப் திண்டிலேயே வைத்து ஒரு சதுரத்தை நிரப்பினேன்.

சொல்ல வேண்டியது

திட்டம் மஞ்சுளாவை ஆராய்ச்சியிலிருந்து நீக்கிவிட்டது. விதியை மீறிவிட்டாளாம். நல்லவேளை, டாக்டரம்மா முகாமிலிருந்து நீக்கவில்லை. கோவிந்தனைத் தாய்மாமனாகவும் திரும்பச் சேர்க்கச் சொல்லி மூன்று மெயில் அனுப்பினேன். கம்ப்யூட்டர் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. சொசைட்டியில் இரண்டு வாரம் ஏழு பேர் பால் ஊற்றவில்லை. வேறு சொசைட்டி நான்கு கிலோமீட்டர் என்பதால் ஆறு பேர் திரும்பிவிட்டார்கள்.

இந்த வேலைக்கு வருகிற இளைஞர்களே, ஓட்டையை எண்ணுங்கள். எண்ண வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன், அது என்னால் முடியாது. ஆனால் அந்த வீட்டில் எத்தனை பேர் என்பதையும் எண்ணுங்கள். யாரைக் கேட்க வேண்டாம் என்று கையேடு சொல்கிறதோ, அவரிடம் கொஞ்ச நேரம் கூடுதலாக உட்காருங்கள். மருந்து கேட்கவில்லை என்று எழுதுவதற்கு முன், மருந்து போய்ச் சேர்ந்ததா என்று பாருங்கள். ஜீன் மேல் பழி போடுவது சுலபம், அது மறுத்துப் பேசாது.

போன முகாமில் இருவரும் வந்தார்கள், இரண்டு சீட்டு, இரண்டு பை. குரல் முழுதாகப் போகவில்லை, பக்கத்து வீட்டு ரேடியோ மாதிரி ஆகிவிட்டது என்றாள் மஞ்சுளா. கோவிந்தனுக்கு டாக்டரம்மா மருந்தை மாற்றியிருந்தார். நான் அவர் எதிரே நாற்காலி போட்டு, கடிகாரத்தைப் பார்த்து ஒரு நிமிடம் காலை எண்ணினேன்.

"பதினாலு" என்றேன்.

"பதினாறுங்க சார்" என்றாள் மஞ்சுளா. "நீங்க கண்ணாடியைத் தூக்கி வுட்டீங்க பாருங்க, அப்ப ரெண்டு வுட்டுட்டீங்க."

பதினாறு என்றே எழுதிக்கொண்டேன்.